பெயர் கேட்காத கணக்கெடுப்பு: பாலியல் தொழிலாளர்களுக்கான எச்.ஐ.வி. தடுப்புத் திட்டமும் இட வரைபடமும்

ஒரு நகரத்தில் பாலியல் தொழிலாளர்களுக்கான எச்.ஐ.வி. தடுப்புப் பணியைத் தொடங்க முனையும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, "இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்பதுதான். நிதி ஒதுக்குபவர் அதைக் கேட்கிறார். சுகாதாரத் துறை கேட்கிறது. ஆணுறைகளையும் பரிசோதனைக் கருவிகளையும் வாங்கி அனுப்புபவரும் கேட்கிறார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கு விடை கிடையாது. தன் தொழிலை வெளியில் சொன்னால் குடியிருக்கும் வீட்டை இழக்கலாம், பிள்ளையைப் பிரிய நேரலாம், காவல் நிலையப் படியேற நேரலாம் என்ற அச்சத்தோடு வாழும் ஒருவர், வாசலில் வந்து நிற்கும் முன்பின் தெரியாத கணக்கெடுப்பாளரிடம் அதைச் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. இப்படி எந்தப் பதிவேட்டிலும் இல்லாத மக்களுக்காகத் திட்டம் தீட்ட வேண்டிய தேவையிலிருந்து வளர்ந்த முறைதான், களத்தில் 'மேப்பிங்' என்று சொல்லப்படும் வரைபடமாக்கல்.

இந்த முறையின் அடிப்படை விதியை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த வரைபடத்தில் குறிக்கப்படுவன இடங்கள் மட்டுமே, மனிதர்கள் அல்லர். எந்தத் தெரு முனையில், எந்த விடுதியின் அருகில், எந்த மதுக்கூடத்தில் பாலியல் தொழிலாளர்களும் வாடிக்கையாளர்களும் சந்திக்கிறார்கள், எந்த நாளில், எந்த நேரத்தில், ஏறக்குறைய எத்தனை பேர் என்பவை மட்டும் பதிவாகின்றன. யாருடைய பெயரும், வீட்டு முகவரியும், கைப்பேசி எண்ணும், எச்.ஐ.வி. நிலையும் பதிவாவதில்லை. இந்தக் கோட்டைத் தாண்டினால் அது மேப்பிங் அல்ல, கண்காணிப்பு.

ஏன் இந்த மக்கள்மீது தனிக் கவனம்

எச்.ஐ.வி. எந்தச் சமூகத்திலும் எல்லோரிடையேயும் ஒரே சீராகப் பரவுவதில்லை. பொதுமக்களில் உள்ள பெண்களோடு ஒப்பிடும்போது பாலியல் தொழிலில் உள்ள பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 30 மடங்கு அதிகம் என்று ஐ.நா.வின் யுஎன்எய்ட்ஸ் அமைப்பு 2022ஆம் ஆண்டு அறிக்கையில் கணித்திருந்தது. இந்த எண்ணைப் படிக்கும்போது ஒரு தவறான முடிவுக்கு எளிதில் சென்றுவிட முடியும் என்பதால், காரணங்களைச் சொல்லியாக வேண்டும். துணைவர்களின் எண்ணிக்கை அதிகம் என்பது ஒரு காரணம் மட்டுமே. சிகிச்சை பெறாத பிற பால்வினை நோய்கள் தொற்றை எளிதாக்குகின்றன. ஆணுறை இல்லாமல் கூடுதல் பணம் தருவதாகச் சொல்லும் வாடிக்கையாளரிடம் மறுக்கும் வலிமை, அன்றைய வருமானத்தையும் அந்த இடத்தின் பாதுகாப்பையும் பொறுத்தே அமைகிறது. பையில் ஆணுறை இருப்பதையே குற்றத்துக்குச் சான்றாகக் காவல்துறை கொள்ளும் இடங்களில், ஆணுறையைக் கையில் வைத்திருப்பதே ஆபத்தாகிவிடுகிறது. பாலியல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கினால், 10 ஆண்டுகளில் பாலியல் தொழிலாளர்கள், வாடிக்கையாளர்கள் ஆகியோரிடையே ஏற்படும் புதிய தொற்றுகளில் 33 முதல் 46 விழுக்காடு வரை தவிர்க்கப்படக்கூடும் என்று, 2014இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஒரு மாதிரிக் கணிப்பு காட்டியது. ஆகவே அந்த 30 மடங்கு என்பது பெருமளவில் சூழ்நிலையின் அளவே தவிர, மனிதர்களின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு அன்று.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு பாலியல் தொழிலாளருக்குத் தொற்று ஏற்படாமல் காக்கும்போது, அவருடைய வாடிக்கையாளர்கள், அவர்களின் மனைவியர், பிறக்கப்போகும் குழந்தைகள் எனத் தொடர்ந்து செல்லக்கூடிய ஒரு சங்கிலியும் தொடக்கத்திலேயே அறுபடுகிறது. கையில் உள்ள பணமும் ஆட்களும் குறைவு என்னும்போது, அவற்றை நகரம் முழுவதும் தூவுவதைவிட, தேவை மிகுந்த இடங்களில் அடர்த்தியாகச் செலவிடுவது மிகுந்த பயனைத் தரும். எனினும் இந்த வாதத்தை நான் எச்சரிக்கையோடுதான் முன்வைக்கிறேன். பிறரைக் காப்பதற்கான வழியாக மட்டும் இந்தப் பெண்களைப் பார்க்கும் திட்டங்கள் அவர்களின் நம்பிக்கையைப் பெற்றதில்லை. அவர்களின் உடல்நலம் அவர்களுக்காகவே காக்கப்பட வேண்டியது.

கொல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா தொடங்கிய திட்டம் இந்த உண்மையை மிகத் தெளிவாக எடுத்துக்காட்டியது. அங்கே பாலியல் தொழிலாளர்களே, தங்களைப் போன்றவர்களுக்குத் தடுப்பு முறைகளைச் சொல்லித்தரும் சக கல்வியாளர்களாக வீடுவீடாகச் சென்றார்கள்; 1995இல் 'துர்பார்' என்ற தங்கள் சொந்த அமைப்பை உருவாக்கினார்கள். ஆனால் சோனாகாச்சி ஒரே பகுதிக்குள் அடங்கிய, ஊரறிந்த விடுதிக் குடியிருப்பு. உலகின் பெரும்பாலான நகரங்களில் பாலியல் தொழில் அப்படி ஓரிடத்தில் குவிந்திருப்பதில்லை. தெருக்களிலும், வாடகை வீடுகளிலும், நெடுஞ்சாலையோரங்களிலும், கைப்பேசி உரையாடல்களிலும் சிதறிக் கிடக்கிறது. 2003இல் இந்தியாவின் 6 மாநிலங்களில் கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியில் தொடங்கிய 'அவாஹன்' திட்டம் இந்தச் சிதறலைத்தான் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. வரைபடமாக்கல் ஒரு முறைப்படுத்தப்பட்ட கருவியாக வளர்ந்தது இத்தகைய பெருந்திட்டங்களின் தேவையால்தான். பின்னர் பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா உள்ளிட்ட பல நாடுகள் தங்கள் சூழலுக்கேற்ப இதை மாற்றிக்கொண்டன. கென்யாவின் நகரப் பகுதிகளில் நடந்த இத்தகைய பணி, 10,000க்கும் மேற்பட்ட இடங்களை அடையாளம் கண்டு, பாலியல் தொழிலில் உள்ள பெண்களின் எண்ணிக்கை சுமார் 1,03,000 இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அதுவரை தோராயப் பேச்சாக இருந்த ஒன்றுக்கு, நகரவாரியாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய ஓர் உருவம் அதன்மூலம் கிடைத்தது.

களத்தில் நடப்பது என்ன

பணி பொதுவாக இரண்டு கட்டங்களாக நடைபெறுகிறது. முதற்கட்டத்தில், நகரம் கையாளத்தக்க சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியிலும் அந்த இடத்தின் இயக்கத்தை நாள்தோறும் பார்ப்பவர்களிடம் பேசுகிறார்கள்: வாடகை வண்டி ஓட்டுநர்கள், தங்கும் விடுதி ஊழியர்கள், மதுக்கூடப் பணியாளர்கள், தெருவோரக் கடைக்காரர்கள், இரவுக் காவலாளிகள், ஏற்கெனவே அங்கே பணியாற்றும் தொண்டு நிறுவனத்தினர், எல்லோருக்கும் மேலாகப் பாலியல் தொழிலாளர்கள். கேட்கப்படும் கேள்வி எளியது. "இந்தப் பகுதியில் பாலியல் தொழிலாளர்கள் வாடிக்கையாளர்களைச் சந்திக்கும் இடங்கள் எவை?" ஒருவர் சொல்லும் இடத்தை மற்றவரும் சொல்கிறாரா என்று பார்க்கப்படுகிறது. ஒரே இடத்துக்கு ஓட்டுநர் ஒரு பெயரும், கடைக்காரர் வேறு பெயரும் சொல்வது வழக்கம் என்பதால், நாள் முடிவில் குழுவினர் ஒன்றாக அமர்ந்து, இரட்டிப்பாக வந்தவற்றை நீக்கி, ஓர் இடப்பட்டியலை உருவாக்குகிறார்கள். களத்தில் இந்த இடங்களை 'ஹாட்ஸ்பாட்' என்பார்கள்.

இரண்டாம் கட்டத்தில் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் நேரில் செல்கிறார்கள். சில இடங்கள் உண்மையில் இயங்குவதில்லை என்று தெரியவரும். வேறு சில புதிதாகச் சேரும். இயங்கும் இடங்களில், அங்கே தொழில் செய்பவர்களிடமே சற்று விரிவான உரையாடல் நடக்கிறது. சாதாரண நாளில் குறைந்தது எத்தனை பேர் வருவார்கள், அதிகபட்சம் எத்தனை பேர், கூட்டம் மிகுந்த நாள் எது, எந்த நேரத்தில் அதிகம், இங்கு வருபவர்களில் எத்தனை பேர் அதே நாளில் வேறு இடத்துக்கும் செல்கிறார்கள், வாரத்தில் சராசரியாக எத்தனை நாள் வருவார்கள், ஆணுறை எங்கே கிடைக்கிறது, தொந்தரவு யாரால் வருகிறது என்பவை முக்கியமான கேள்விகள். எந்தக் கேள்வியும் பேசுபவரைப் பற்றியது அன்று, அந்த இடத்தைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். "நீங்கள் எத்தனை பேரைச் சந்திக்கிறீர்கள்?" என்று கேட்பதற்கும், "இங்கே வழக்கமாக எப்படி?" என்று கேட்பதற்கும் இடையில் பெரிய தொலைவு இருக்கிறது. முதல் கேள்வி வாயை அடைக்கும். இரண்டாவது பேச வைக்கும்.

இந்தக் கேள்விகளை யார் கேட்கிறார்கள் என்பதில்தான் பணியின் தரம் பெரும்பாலும் தீர்மானமாகிறது. பயிற்சி பெற்ற பாலியல் தொழிலாளர்கள் குழுவில் இருந்தால், வெளியாள் கண்ணில் படாத இடங்கள் பட்டியலில் வரும். சொல்லப்படும் எண்ணிக்கை மிகையா, குறைவா என்பதை அந்த இடத்திலேயே உணர்ந்து மீண்டும் கேட்க முடியும். அவர்களை வழிகாட்டியாக மட்டும் அழைத்துச் சென்று, குறிப்பெடுப்பதையும் முடிவெடுப்பதையும் மற்றவர்கள் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு எனக்கு உடன்பாடானது அன்று. வடிவமைப்பிலிருந்தே அவர்கள் இருக்க வேண்டும், உழைப்புக்கு மற்றவர்களுக்குத் தரும் அதே ஊதியம் அவர்களுக்கும் தரப்பட வேண்டும்.

ஆண், திருநங்கைப் பாலியல் தொழிலாளர்களின் சந்திப்பு இடங்களும் நேரங்களும் பெரும்பாலும் வேறானவை என்பதால் அவர்களுக்கு மேப்பிங் தனியாக நடத்தப்பட வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பாலியல் தொழிலாளர்களாகக் கருதப்படுவதில்லை. அது சிறார் மீதான பாலியல் சுரண்டல். களத்தில் அப்படி ஒருவரைச் சந்திக்க நேர்ந்தால் யாரிடம், எப்படிப் பாதுகாப்பாக உதவி பெற்றுத் தருவது என்பதைக் குழு முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும்.

கூட்டினால் வருவது விடை அல்ல

தொடக்க நிலையில் இருப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால், ஒரு கற்பனை நகரத்தை எடுத்துக்கொண்டு சற்று நிதானமாகப் பார்க்கலாம். அந்த நகரத்தில் 40 இடங்கள் கண்டறியப்பட்டன என்று கொள்வோம். சாதாரண நாளில் ஒவ்வோர் இடத்துக்கும் சொல்லப்பட்ட குறைந்தபட்ச எண்களைக் கூட்டினால் 330. அதிகபட்ச எண்களைக் கூட்டினால் 450. நடுவில் உள்ள எண் 390. நகரத்தில் 390 பேர் இருக்கிறார்கள் என்று எழுதிவிடலாமா? முடியாது, இரண்டு திருத்தங்கள் தேவைப்படுகின்றன.

முதல் திருத்தம் இரட்டை எண்ணிக்கைக்கானது. 10 பேரில் 3 பேர் அதே நாளில் இன்னோர் இடத்துக்கும் செல்கிறார்கள் என்று உரையாடல்களில் தெரியவந்தால், ஒவ்வொரு 10 பேரும் கணக்கில் 13 பேராகத் தோன்றியிருக்கிறார்கள் என்று பொருள். எனவே 390ஐ 1.3ஆல் வகுக்க வேண்டும், 300 கிடைக்கும். இரண்டாம் திருத்தம், அன்று வராதவர்களுக்கானது. ஒருவர் சராசரியாக வாரத்தில் 5 நாட்களே வருகிறார் என்றால், எந்த ஒரு நாளிலும் மொத்தம் உள்ளவர்களில் ஏழில் ஐந்து பங்கினரே களத்தில் இருப்பார்கள். ஆகவே 300ஐ 7ஆல் பெருக்கி 5ஆல் வகுக்க வேண்டும், 420 வரும். குறைந்தபட்ச, அதிகபட்ச எண்களுக்கும் இதே கணக்கைச் செய்தால் 355 முதல் 485 வரை ஒரு வீச்சு கிடைக்கும். அறிக்கையில் எழுத வேண்டியது இந்த வீச்சுதான். 420 என்ற ஒற்றை எண்ணை மட்டும் எழுதினால், அது யாரோ ஒருவர் தலைகளை எண்ணிச் சொன்னதுபோன்ற தவறான உறுதியைத் தந்துவிடும்.

திருத்தியபின் வந்த 420, முதலில் கூட்டிய 390க்கு அருகிலேயே இருப்பதைப் பார்த்து, இவ்வளவு உழைப்பு எதற்கு என்று தோன்றலாம். இரண்டு திருத்தங்களும் எதிரெதிர்த் திசையில் இழுத்ததால் இந்த நகரத்தில் அப்படி அமைந்தது. பெண்கள் ஒரே மாலையில் மூன்று நான்கு இடங்களுக்குச் செல்லும் நகரத்தில் கூட்டல் கணக்கு உண்மையைவிட இருமடங்குக்கு மேல் போகலாம். மாதத்தில் சில நாட்கள் மட்டும் அண்டை ஊர்களிலிருந்து வந்து செல்பவர்கள் மிகுந்த நகரத்தில் அது உண்மையில் பாதிகூட இல்லாமல் போகலாம். இங்கே இன்னொரு நுட்பமும் ஒளிந்திருக்கிறது. வாரத்தில் எத்தனை நாள் என்ற கேள்விக்கு விடை சொல்பவர்கள் பெரும்பாலும் அடிக்கடி வருபவர்களே, ஏனென்றால் அவர்களைத்தான் களத்தில் சந்திக்க முடிகிறது. எப்போதாவது வருபவர்கள் அந்தச் சராசரியில் போதிய அளவு இடம்பெறுவதில்லை. ஆகவே உண்மை எண்ணிக்கை நாம் கண்டதைவிடக் கூடுதலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்த எண்ணைச் சரிபார்க்க வேறு முறைகளும் உள்ளன. அவற்றில் பெயர்பெற்றது, குளத்தில் உள்ள மீன்களைக் கணக்கிடுவதற்காக வளர்ந்த 'பிடித்து மீண்டும் பிடித்தல்' என்னும் முறை. மனிதர்களைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயர் எனக்கு நெருடலாகவே இருக்கிறது. அதன் தருக்கம் மட்டும் பயனுடையது. முதல் வாரத்தில் சக கல்வியாளர்கள் 200 பேரைச் சந்தித்து ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரியான, எளிதில் மறக்காத சிறு பொருள் ஒன்றைக் கொடுக்கிறார்கள். இரண்டாம் வாரத்தில் தனியாக 180 பேரைச் சந்தித்து, அந்தப் பொருளைப் பெற்றீர்களா என்று கேட்கிறார்கள். 90 பேர் ஆம் என்கிறார்கள். அதாவது இரண்டாம் முறை சந்தித்தவர்களில் பாதிப்பேர் முதல் முறையிலும் இருந்தவர்கள். ஆகவே முதலில் சந்தித்த 200 என்பது மொத்தத்தில் பாதி, மொத்தம் 400. பெயர் எதுவும் கேட்காமலேயே இந்த விடை கிடைத்துவிடுகிறது. ஆனால் பொருளைப் பெற்றவர் அதைத் தோழிக்குக் கொடுத்துவிட்டாலோ, இரு முறையும் எளிதில் கிடைக்கும் அதே ஆட்களையே குழு நாடிச் சென்றாலோ, பொருத்தம் செயற்கையாகக் கூடி, மொத்த எண்ணிக்கை உண்மையைவிடக் குறைந்து காட்டும். பெற்றதையே மறந்துவிட்டால் நேர்மாறாக எண்ணிக்கை வீங்கும்.

மற்றொரு முறை பெருக்கி முறை. 3 மாதங்களில் ஒரு மருத்துவமனைக்கு வந்த பாலியல் தொழிலாளர்கள் 150 பேர் என்று பதிவேடு சொல்கிறது. தனியாக நடந்த ஆய்வில் 40 விழுக்காட்டினர் அந்த மருத்துவமனைக்குச் சென்றதாகச் சொல்கிறார்கள். 150ஐ 0.4ஆல் வகுத்தால் 375. மூன்று முறைகளும் 375, 400, 420 என்று அருகருகே வந்தால் திட்டமிட அதுவே போதுமானது. வெகுதொலைவு விலகி நின்றால், சராசரி எடுத்து முடித்துவிடாமல், ஏன் விலகின என்று தேட வேண்டும். அந்தத் தேடலில்தான் பெரும்பாலும் நம் கண்ணுக்குத் தப்பிய ஒரு குழு தென்படும்.

எண்ணிலிருந்து திட்டத்துக்கு

எண்ணிக்கை கிடைத்தவுடன் அலுவலகங்களில் ஒரு நிறைவு ஏற்பட்டுவிடுகிறது. என் பார்வையில், அந்த எண் இந்தப் பணியின் மிக எளிய விளைவு. அதைவிட மதிப்புமிக்கவை, கூட்டம் கூடும் நேரமும், தொழில் நடக்கும் வகையும், இடங்களிடையே உள்ள பரவலும்.

எண்ணால் செய்யக்கூடியதை முதலில் சொல்லிவிடலாம். இந்தியாவின் தேசியத் திட்ட நெறிமுறைகளில் ஏறத்தாழ 60 பேருக்கு ஒரு சக கல்வியாளர் என்ற அளவு உண்டு. அதன்படி 420 பேருக்கு 7 சக கல்வியாளர்கள் வேண்டும். ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரியாக 10 ஆணுறைகள் தேவை என்று களத்தில் தெரியவந்தால், ஆண்டுக்கு 420 பேருக்கு 2,18,400 ஆணுறைகள். அவர்களே கடையில் வாங்குவதையும் பிற வழியில் பெறுவதையும் கழித்தால் திட்டம் தர வேண்டிய அளவு கிடைக்கும். எத்தனை எச்.ஐ.வி. பரிசோதனைக் கருவிகள், எத்தனை பேருக்குப் 'பிரெப்' என்னும் முன்தடுப்பு மாத்திரை, பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு எத்தனை மருந்துப் பொதிகள் என்பவையும் இதே வழியில் கணிக்கப்படுகின்றன.

இனிப் பரவல். அந்த 40 இடங்களையும் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினால், 12 இடங்களிலேயே 60 விழுக்காட்டினர் இருக்கக்கூடும். பணியைத் தொடங்கும் முதல் மாதத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதை இது சொல்லிவிடுகிறது. அதே வேளையில் மீதமுள்ள 28 சிறிய இடங்களை ஒதுக்கிவிடக் கூடாது. நகரத்துக்குப் புதிதாக வந்தவர்களும், யாருடைய துணையுமின்றித் தனியாக இயங்குபவர்களும், வன்முறைக்கு எளிதில் ஆளாகக்கூடியவர்களும் பலவேளைகளில் அந்தச் சிறிய இடங்களில்தான் இருக்கிறார்கள். பெரிய இடங்களுக்கு நாள்தோறும், சிறிய இடங்களுக்கு வாரம் இருமுறை என்று வருகையைப் பகிரலாம்.

நேரத்தைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான இடங்களில் கூட்டம் மிகுவது மாலை 7 மணிக்கு மேல் என்று வரைபடம் காட்டும்போது, திட்டத்தின் மருத்துவமனை காலை 9 முதல் மாலை 4 வரை மட்டும் திறந்திருந்தால், அந்த மருத்துவமனை அலுவலர்களின் வசதிக்காக நடத்தப்படுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். இரவு வெகுநேரம் விழித்துவிட்டு, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கண்ணயரும் ஒரு பெண்ணிடம் "ஏன் பரிசோதனைக்கு வரவில்லை?" என்று கேட்பதற்கு முன்னால், நாம் கதவைத் திறந்து வைத்த நேரம் அவருக்குப் பொருந்துகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாலைநேர மருத்துவமனை, நடமாடும் பரிசோதனை வண்டி, சக கல்வியாளர் மூலம் சுயபரிசோதனைக் கருவி என்ற முடிவுகள் எல்லாம் இந்த நேர அட்டவணையிலிருந்தே பிறக்க வேண்டும்.

வகையும் அப்படியே. தெருவில் நின்று தொழில் செய்பவருக்குப் பகலில் குளித்து, துணி துவைத்து, சற்று நேரம் அச்சமின்றி இளைப்பாற ஒரு மையம் பெரும் உதவி. வீட்டிலிருந்து இயங்குபவருக்கு அந்த மையத்தில் காணப்படுவதே ஆபத்து. அவருக்குத் தேவை, உறவினர்போல வந்து பேசிச் செல்லும் ஒரு சக கல்வியாளர். பாலியல் தொழில் விடுதிகளில் இருப்பவர்களிடம் செல்ல உரிமையாளரின் ஒப்புதல் தேவைப்படும். அந்த உரையாடல் தனித் திறமை வேண்டும் ஒரு வேலை.

இதற்கு அடுத்த படி, ஒவ்வொரு சக கல்வியாளரும் தன் பொறுப்பில் உள்ள இடத்துக்குத் தானே ஒரு சிறு படம் வரைந்துகொள்வது. தெரு, கடை, ஆணுறை வைத்திருக்கும் இடம், இருட்டான சந்து, தொல்லை வரும் திசை எல்லாம் அதில் இருக்கும். அவாஹன் திட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத சக கல்வியாளர்களும் படக்குறிகளைக் கொண்டு, யாருக்கு இந்த வாரம் அதிக ஆபத்து, யாரை அடுத்துச் சந்திக்க வேண்டும் என்று தாங்களே திட்டமிட்டார்கள். இதைக் களத்தில் 'மைக்ரோ பிளானிங்' என்பார்கள். நகர வரைபடம் நிதி ஒதுக்குபவருக்குப் பயன்படுகிறது. அந்தக் கையால் வரைந்த படம்தான் மனிதர்களைப் போய்ச் சேர்கிறது.

வரைபடம் தவறான கைகளில் விழுந்தால்

ஓரிடத்தில் பாலியல் தொழில் நடக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்லும் ஆவணம், உடல்நலப் பணியாளருக்கு எவ்வளவு பயனுடையதோ, திடீர்ச் சோதனை நடத்த நினைப்பவருக்கும், மிரட்டிப் பணம் பறிப்பவருக்கும், கூட்டமாக வந்து தாக்க நினைப்பவருக்கும் அவ்வளவே பயனுடையது. ஜி.பி.எஸ். குறிகளோடு கூடிய ஒரு கோப்பு மின்னஞ்சலில் ஓர் அழுத்தத்தில் இடம் மாறிவிடும். ஆகவே பாதுகாப்பு என்பது அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சேர்க்கும் பத்தியாக இருக்க முடியாது. பணியைத் தொடங்கலாமா என்பதையே தீர்மானிக்கும் கேள்வியாக இருக்க வேண்டும்.

நடைமுறையில், இடங்களுக்குப் பெயருக்குப் பதிலாகக் குறியெண் தரப்படுகிறது. குறியெண்ணையும் இடத்தையும் இணைக்கும் சாவி வேறோர் இடத்தில், மிகச் சிலரிடம் மட்டும் இருக்கிறது. வெளியிடப்படும் அறிக்கையில் பகுதிவாரியான மொத்தம் மட்டும் வரும், புள்ளிகள் வரா. பொதுவெளியில் வைக்கப்படும் படத்தில் தெரு அடையாளம் காண முடியாத அளவுக்குப் பகுதி பெரிதாக இருக்க வேண்டும். காவல்துறைக்குத் தரவு தரப்படாது என்பது வாய்வார்த்தையாக அல்லாமல், சுகாதாரத் துறையுடன் எழுத்தில் உடன்பாடாக இருப்பது நல்லது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், தொற்றுள்ளவர்கள் பற்றிய தகவலின் இரகசியத்தைக் காக்கும் கடமையை விதிக்கிறது. 2022 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலாளர்களைக் கண்ணியத்தோடு நடத்த வேண்டும் என்று காவல்துறைக்கு வழிகாட்டியபோது, ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்தின் சான்றாகக் கொள்ளக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னது. இத்தகைய பாதுகாப்புகள் இல்லாத நாடுகளில் பணியாற்றுவோர், தங்கள் கையில் சேரும் ஒவ்வொரு புள்ளிக்கும் தாங்களே பொறுப்பாளிகள் என்பதை உணர்ந்திருக்க வேண்டும்.

கென்யாவில், எச்.ஐ.வி. தொற்று அபாயம் மிகுந்த மக்களைப் பற்றிய ஓர் ஆய்வில் கைரேகை போன்ற உடல் அடையாளங்களைப் பயன்படுத்தும் யோசனை எழுந்தபோது, பாலியல் தொழிலாளர்கள் உள்ளிட்ட சமூக அமைப்புகள் அதை ஒன்றுபட்டு மறுத்தன. ஒருவரையே இருமுறை எண்ணாமல் இருக்கக் கைரேகை உதவும் என்பது நுட்ப வல்லுநரின் வாதம். அந்தக் கைரேகை நாளை யாரிடம் இருக்கும் என்பது அந்தப் பெண்களின் கேள்வி. மேலே கண்ட 1.3ஆல் வகுக்கும் எளிய கணக்கு, கைரேகை தரும் துல்லியத்தைத் தராது என்பது உண்மைதான். அந்தத் துல்லியத்துக்காக ஒருவரின் பாதுகாப்பை விலையாகக் கேட்க நமக்கு உரிமை இல்லை என்றே நான் கருதுகிறேன். அதுபோலவே, ஓரிடத்தில் தொழில் செய்பவர்கள் "எங்கள் இடத்தைப் பதிய வேண்டாம்" என்று சொன்னால், அந்த இடம் பதியப்படக் கூடாது.

இந்த அச்சத்தால் எண்ணிக்கையே எடுக்காமல் இருந்துவிடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அதிலும் ஆபத்து இருக்கிறது. தரவு இல்லாத இடத்தில், "எங்கள் நகரத்தில் அப்படி யாரும் இல்லை" என்று சொல்லி நிதியை மறுப்பது எளிது. நிதி இல்லாததால் பணி இல்லை, பணி இல்லாததால் தரவும் இல்லை என்று அந்தச் சுழல் நீளும். மறைந்து வாழும்படி நிர்ப்பந்திக்கப்பட்டவர்கள், மறைந்து வாழ்வதையே காரணமாகக் காட்டி மறுபடியும் கைவிடப்படுகிறார்கள்.

வரைபடம் விரைவில் பழையதாகிவிடும். ஒரு சாலை விரிவாக்கம், ஒரு விடுதி மூடல், தொடர்ந்த சில சோதனைகள் போதும், இடங்கள் நகர்ந்துவிடும். கைப்பேசியும் சமூக ஊடகமும் வந்தபின் சந்திப்பு இடம் என்பதே பலருக்கு இல்லாமல் போய்விட்டது. தெரு முனைகளை மட்டும் எண்ணும் வரைபடம் அவர்களைக் காணாது. அதனால் இப்போது இணையத் தளங்களும் கைப்பேசிக் குழுக்களும் தனி இடங்களாகக் கருதப்பட்டு, அவற்றில் இயங்குபவர்களின் துணையோடு கணிக்கப்படுகின்றன. அங்கே ஒருவரே பல பெயர்களில் இருப்பார் என்பதால் இரட்டை எண்ணிக்கைச் சிக்கல் இன்னும் கடுமையாகிறது. முழு மேப்பிங்கைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தாலும், இடப்பட்டியலைச் சக கல்வியாளர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறையாவது திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

களப்பணி முடிந்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலை பலவேளைகளில் காலநெருக்கடியில் விடுபட்டுவிடுகிறது. கண்டறிந்தவற்றை அறிக்கையாக அனுப்புவதற்கு முன்னால், அந்தந்தப் பகுதிப் பாலியல் தொழிலாளர்களைக் கூட்டி, அவர்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். இந்தச் சந்தில் பத்துப் பேர் இல்லை, நான்கு பேர்தான் என்று ஒருவர் சொல்வார். அந்தப் பேருந்து நிறுத்தத்தின் பின்புறத்தை நீங்கள் பார்க்கவே இல்லையே என்று இன்னொருவர் சொல்வார். மூன்றாமவர் ஓர் இடத்தைக் காட்டி, இதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பார். அந்தத் திருத்தங்கள் அத்தனையும் செய்து முடித்த பின்னரே, அறிக்கை அந்த அறையை விட்டு வெளியே செல்ல வேண்டும்.